நடுத்திட்டில் பறவை இல்லை

நவம்பர் 9, ஞாயிறு

ஐந்தரை மணிப் பேருந்து ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது. நடத்துநரிடம் நேரத்தைச் சொன்னேன். "மழைக்காலம் பாட்டிம்மா" என்றான். மழை இன்னும் தொடங்கவில்லை. நான் அவனுக்குப் பாட்டியும் இல்லை.

கீழ்க்கழி சரணாலயத்துக்கு இந்தப் பருவத்தின் முதல் பயணம். புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரம், பிறகு கப்பிச் சாலையில் நடை. போன வருடம் பதினைந்து நிமிடத்தில் நடந்தேன். இன்று இருபத்து மூன்று. கண்காணிப்புக் கோபுரத்தின் நாற்பத்திரண்டு படிகளில் இரண்டு இடத்தில் நின்றேன். காவலர் ஏழுமலை நான் கேட்காமலே தொலைநோக்கி ஸ்கோப்பையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். உதவி கேட்டுச் செய்வது ஒன்று, கேட்காமல் செய்வது வேறு. அதை அவரிடம் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். அடுத்த முறையும் இதையேதான் செய்வார்.

எண்ணும் முறையை அவருக்கு மறுபடி விளக்கினேன். ஸ்கோப்பில் தெரியும் வட்டத்தின் நடுவில் பத்துப் பறவைகளை எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவு துண்டு துண்டாகத் சேற்றுத் திட்டு முழுவதையும் கடக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. பெர்னார் இருந்தால் "ஏறக்குறைய எழுநூறு" என்று போட்டுவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கியிருப்பார். முப்பத்தெட்டு வருடத் திருமண வாழ்க்கையில் அவரிடமிருந்து அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் பிடுங்க முடியவில்லை. புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவளுக்கு அப்படிப்பட்ட கணவர்.

குருவியளவுச் சேற்றுப் பறவையான கொசு உள்ளான்: 520. போன வருடம் முதல் ஞாயிறு 1,120. அதற்கு முந்தைய மூன்று வருடங்களிலும் இரண்டாயிரத்தை ஒட்டி.

மூன்று முறை எண்ணினேன். ஓரங்களில் இருக்கின்றன. நடுத்திட்டு காலி. கழியின் நடுவில் வெறும் சாம்பல் நிறச் சேறு. திட்டைச் சுற்றிய தண்ணீரில் இறால் பிடிக்கும் பெண்கள் இடுப்பளவில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி. குறிப்புப் பகுதியில் எழுதினேன்: நடுத்திட்டில் பறவை இல்லை. மனித நடமாட்டம் உண்டு.

வீட்டுக்கு வந்து படுத்தவள் ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன். கொட்டிவிட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் இரண்டாவது முறை மாற்றிக் கொடுத்த கண்ணாடியும் சரியில்லை. இந்தக் காலத்தில் யாருக்கும் வேலையில் அக்கறை கிடையாது.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. போகவில்லை.

ஜோசி லாஸ்பேட்டையிலிருந்து போன் செய்தாள். "அம்மா, கண்ணுக்கு ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம். நான் லீவு போடறேன்." புரை நீக்கி ஆறு வருடம்தான் ஆகிறது, உள்ளே இருப்பது புது லென்ஸ், உன் கண்ணைவிட என் கண் இளையது என்றேன். "போன வாரம் என்னை ரோட்டுல பாத்துட்டு மரியாதையா வணக்கம் வச்சியே" என்றாள். வெயிலுக்கு எதிராக நின்றால் யாருடைய முகம் தெரியும்?

நவம்பர் 23, ஞாயிறு

கொசு உள்ளான் 480. நடுத்திட்டு காலி.

கோபுரத்தின் அடியில் காசியம்மா உட்கார்ந்து பறியின் பிரிந்துபோன ஓலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இருளர் குடியிருப்பில் இறால் பிடிக்கும் பதினான்கு வீடுகளுக்கும் அவள்தான் பேசுகிறவள். ஐந்து வருடமாக என்னை டீச்சரம்மா என்கிறாள். நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததில்லை என்று ஐந்து வருடமாகச் சொல்கிறேன்.

"என்னா டீச்சரம்மா, மூஞ்சி வாடிக் கெடக்குது."

"பறவை கொறஞ்சு போச்சு. நீங்க திட்டுக்கு ரொம்பப் பக்கத்துல போறீங்க."

"கொறஞ்சுதா?" சிரித்தாள். "நாங்க தவழ்ந்து போவச்சொல்லோ முதுவு மேல ஏறிக்கினு போவாத கொறதான். எறாவுக்கு நாங்க, பூச்சிக்கு அதுங்க. பாட்டன் காலத்துலருந்து ஒண்ணாத்தான் மேயறோம்."

"எண்ணிப் பார்த்தியா?"

"எண்றதுக்குத்தான் நீ வந்துகீறியே. நான் வேற எதுக்கு?"

அந்த 'நீ' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் எல்லோரையும் அப்படித்தான் சொல்கிறாள், ரேஞ்சரையும்.

ரேஞ்சர் நறுமுகை மதியம் கூப்பிட்டார். சரணாலயத்துக்குப் புதிய மேலாண்மைத் திட்டம் எழுதுகிறார்கள். ஐந்து வருடம் ஒரே ஆள், ஒரே இடத்திலிருந்து, ஒரே முறையில் எண்ணிய கணக்கு என்னிடம் மட்டும்தான் இருக்கிறதாம். "உங்க ரிப்போர்ட் இல்லாம இந்தத் திட்டமே இல்லைங்க மேடம்." மிகையான பேச்சு. இருந்தாலும் உண்மை.

டிசம்பர் 2, செவ்வாய்

அறிக்கையை முடித்தேன். எழுத மூன்று நாள் ஆகிவிட்டது. கழுத்து விண்ணென்று தெறிக்கிறது. தடித்த முனைப் பேனா வாங்கிவிட்டேன், பெரிய எழுத்தில் எழுதினால் அவர்களுக்குப் படிக்க வசதி. தாளில் கோடுகள்கூட நேராக இல்லை, நடுவில் குழிந்து போகின்றன. கான்வென்டில் சிஸ்டர் அனுன்சியா இப்படிப்பட்ட தாளைக் கண்டால் கடைக்குத் திருப்பி அனுப்பியிருப்பார்.

பரிந்துரையை நான்கு வரியில் எழுதினேன். பறவைகள் நடுத்திட்டைத் தவிர்க்கின்றன. தொந்தரவு இல்லாத ஓரங்களுக்கு ஒதுங்குகின்றன. காரணம், திட்டைச் சுற்றிக் கையால் இறால் பிடிப்பது. நவம்பர் முதல் மார்ச் வரை நடுத்திட்டைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் அதைத் தடைசெய்ய வேண்டும்.

காசியம்மாவுக்கு வருத்தமாக இருக்கும். எண்களுக்கு வருத்தம் பார்க்கத் தெரியாது.

டிசம்பர் 7, ஞாயிறு

பெர்னாரின் பிறந்தநாள். மாதா கோயிலில் பூசைக்குக் காசு கொடுத்திருந்தேன். சாமியார் அவர் பெயரைச் சரியாகச் சொன்னார். கோயில் வாசலில் யாரோ ஒரு பெண் கையைப் பிடித்து நெடுநேரம் பேசினாள். குரலை வைத்துப் பழைய தோழி மோனிக்கா என்று தெரிந்துகொண்டேன். முகத்தைக் காட்டாமல் பேசுவது இப்போது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்தேன், இல்லை. முழங்கால் சிராய்ப்பு. கழிக்குப் போகவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

திட்டைச் சுற்றி மூங்கில் நட்டுச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள். திட்டம் முடிவாகும்வரை தற்காலிகத் தடை. ஜனவரி ஒன்பதாம் தேதி கூட்டத்தில் நிரந்தரமாக்குவார்கள். என் அறிக்கை போய் ஒரு வாரத்திலேயே கட்டிவிட்டார்கள். அரசு அலுவலகத்தில் இவ்வளவு வேகத்தை நான் பார்த்ததில்லை.

காசியம்மா அதே இடத்தில் இருந்தாள். பறி காய்ந்திருந்தது. எழுந்திருக்கவில்லை.

"நீ எழுதிக் குடுத்தியாமே."

"பறவை எண்ணிக்கைய எழுதிக் குடுத்தேன்."

"எங்களால பறவ போச்சுன்னு."

"நடுத்திட்டுல பறவை இல்லேன்னு எழுதினேன். ஏன் இல்லேன்னும் எழுதினேன்."

"இல்லியா?" நெடுநேரம் என்னைப் பார்த்தாள், அல்லது பார்த்ததாக எனக்குப் பட்டது. "அல்லாரும் மேக்கால சவுக்கு வெட்டப் போறாங்க டீச்சரம்மா. குடும்பம் குடும்பமா. புள்ளைங்கள கூட்டிக்கினு. பொங்கலுக்குக்கூட வர மாட்டாங்க. அந்த மேஸ்திரிங்ககிட்ட ஒருவாட்டி போனா அவன் உட்டாத்தான் வரணும். உனுக்குத் தெரியாது."

தெரியும். 1991 கணக்கெடுப்பில் நான் எழுதியிருக்கிறேன், சவுக்குத் தோப்புக் கொட்டகைகளில். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஏழுமலை இன்று ஸ்கோப்பைத் தூக்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானே தூக்கினேன். மேலே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் எண்ண முடிந்தது.

460. நடுத்திட்டு காலி. பெண்கள் தண்ணீரைவிட்டு விலகி ஐந்து நாள்தான். பறவைகள் திரும்பி வர அவகாசம் வேண்டும்.

டிசம்பர் 21, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தண்ணீரில் ஆள் இல்லை. காற்று இல்லை. நாய் இல்லை. பன்னிரண்டு நாளாக எந்தத் தொந்தரவும் இல்லை. ஏழேகாலுக்கு எண்ணத் தொடங்கினேன். நடுத்திட்டு காலி. வட்டத்தின் இடது ஓரத்தில் நூறு பறவைக்கும் மேல்.

அந்த இடது ஓரத்தை நன்றாகப் பார்ப்பதற்காக ஸ்கோப்பை அங்கே திருப்பினேன். அவை அங்கே இல்லை. சாம்பல் நிறச் சேறு. இப்போது வலது விளிம்பில், சற்று முன் நான் காலி என்று எழுதிய நடுத்திட்டில், பறவைகள் அசைந்தன.

திரும்ப நடுத்திட்டுக்கு வந்தேன். காலி. இடது ஓரத்தில் இருந்தன.

இப்படிப் பதினோரு முறை திருப்பினேன். எங்கே திருப்பினாலும் வட்டத்தின் நடு காலி.

ஸ்கோப்பில் பழுது. பெர்னார் வாங்கியது, பதினான்கு வருடம் ஆகிறது. உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும்.

டிசம்பர் 22, திங்கள்

கேமரா பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பளிங்கு மாதிரி இருக்குதும்மா. வச்சவர் நல்லா வச்சிருக்காரு. நீங்களே பாருங்க, எதிர் மாடியில ரெண்டு புறா."

பார்த்தேன். மாடியின் கைப்பிடிச் சுவர் இருந்தது.

"தெரியுதா?"

தெரிகிறது என்றேன்.

டிசம்பர் 24, புதன்

இரவுப் பூசைக்குப் போகவில்லை. ஜோசி குழந்தைகளுடன் வந்து கேக் வைத்துவிட்டுப் போனாள். தலைவலி என்று சொன்னேன்.

டிசம்பர் 26, வெள்ளி

எண்ணிக்கைத் தாளை மேசையில் விரித்தேன். கட்டம் போட்ட தாள், நானே ஸ்கேல் வைத்து வரைந்தது. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டேன். நடுவில் ஒரு கட்டத்தில் புள்ளி வைத்து, அதையே பார்த்தேன். புள்ளி இல்லை. அதைச் சுற்றி நான்கைந்து கட்டங்களும் இல்லை. சுற்றியிருந்த கோடுகள் அந்த இடத்தை நோக்கி வளைந்தன. வெள்ளைத் தாளில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. சேற்றில் சேறாக இருந்திருக்கும்.

வலது கண்ணை மூடினேன். புள்ளி இருந்தது, மங்கலாக.

ஸ்கோப்பில் நான் எப்போதும் வலது கண்ணைத்தான் வைப்பேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

போகவில்லை. மழையும் இல்லை.

உட்கார்ந்து யோசித்ததில் சில விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. போன வருடமே எண்ணிக்கை பாதியாகிவிட்டது. அப்படியானால் போன வருடமே தொடங்கியிருக்கிறது. அப்போதும் நான் மூன்று முறை எண்ணினேன். தப்பான கண்ணால் முப்பது முறை எண்ணினாலும் அதே எண்தான் வரும்.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது, சரிபார்க்க வேறு ஆள் கிடையாது. அடுத்த வருடம் முதுமையைக் காரணம் காட்டி நின்றுகொள்ளலாம். எல்லோரும் ஒரு சால்வை போர்த்துவார்கள்.

சொன்னால், ஐந்து வருடக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள். முதல் மூன்று வருடம் சரியானது என்பதற்கு என் வார்த்தையைத் தவிர என்ன இருக்கிறது? ஞாயிறுகளும் போய்விடும். நான் வீட்டைவிட்டு வெளியே போவதற்கு வேறு காரணம் எதுவும் மிச்சமில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன், உண்மை என்பதால்.

அசதி. பத்து மணிக்கே மறுபடி படுத்துக்கொண்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

கண் மருத்துவமனை. ஆட்டோவில் தனியாகப் போனேன். "கூட யாரு வந்திருக்கா?" என்று மூன்று இடத்தில் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில் சொன்னேன்.

டாக்டர் சின்னப் பெண், நன்றாகப் பேசினாள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. வலது கண்ணில் போன பார்வை வராது. இடது கண்ணில் இப்போதுதான் தொடங்குகிறது, மாதம் ஒரு ஊசி போட்டால் நிறுத்திவைத்துப் பார்க்கலாம். "ஓரப் பார்வை எப்பவும் இருக்கும்மா. முழுசா இருட்டாகாது. பயப்படாதீங்க." பயம் இருப்பதாக நான் சொல்லவில்லை.

எத்தனை நாளாக இருக்கும் என்று கேட்டேன். ஒன்றரை, இரண்டு வருடம் என்றாள். "நீங்க கவனிச்சிருக்கணுமே?"

ஜனவரி 4, ஞாயிறு

ஐந்தரைப் பேருந்து. நடத்துநரிடம் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னேன்.

ஏழுமலையைக் குடியிருப்புக்கு அனுப்பிக் காசியம்மாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாளாம். நானே போனேன். ஒன்பது வீடுகளின் தட்டிக் கதவுகள் வெளியே கட்டியிருந்தன. அவள் அடுப்பின் முன்னால் இருந்தாள்.

"கோபுரத்துக்கு வா. பறவை எண்ணணும்."

"அதான் எண்ணி முடிச்சிட்டியே."

"தப்பா எண்ணியிருக்கேன்னு நெனைக்கிறேன். எனக்கு வேற ஆள் இல்ல."

வந்தாள். படியேறும்போது என் முழங்கையைப் பிடிக்கப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். மேலே ஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் உடனே தலையை எடுத்து, திட்டை நேரில் பார்த்தாள், மறுபடி உள்ளே பார்த்தாள்.

"ஐய. அதுங்க மூக்குல சேறு ஒட்டிக்கினு இருக்கறது வரைக்கும் தெரியுது."

"நடுத்திட்டுல என்ன இருக்கு?"

"பறவதான்."

"எவ்வளவு?"

"எப்பிடி எண்றது? ஓடிக்கினே இருக்குது."

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள், இறாலைச் சந்தையில் கூறு வைக்கிற மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்று. ஒரு கூறுக்கு இருபது. விரலை மடக்கினாள். கை தீர்ந்ததும் ஏழுமலை ஒரு கோடு போட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் சலித்துக்கொண்டு, "இத்த ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம செய்யறியா, நீயு" என்றாள். ஏழுமலை தனியாக ஒருமுறை எண்ணினார்.

காசியம்மா: 1,980. ஏழுமலை: 2,040.

நடுத்திட்டில் மட்டும் ஆயிரத்து நானூறுக்குக் குறையாமல்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். காசியம்மா முன்னால் வந்து குனிந்தாள். அவள் காதுத் தொங்கட்டான் தெரிந்தது, முந்தானை தெரிந்தது, நடுவில் முகம் இல்லை.

"கண்ணு போச்சா?"

"போகல. நடுவுல இல்ல."

அவள் திட்டின் பக்கம் திரும்பினாள்.

"உனுக்கு நடுவுல தெரியலன்னு எங்களத் தூக்கிட்டியே டீச்சரம்மா."

ஆமாம் என்றேன்.

"கேட்டிருக்கலாமே. கீழதானே குந்திக்கினு இருந்தேன். இருக்குதுன்னு சொன்னனே."

ஆமாம் என்றேன். ஏழுமலை ஸ்கோப்பை மடக்குவதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் படியிறங்கினாள். பாதியில் நின்று, மேலே பார்த்து, "ஒம்பதாந் தேதி இத்த அங்க சொல்லுவியா?" என்றாள்.

ஜனவரி 6, செவ்வாய்

கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். நான்கு தாள் வீணாயிற்று, வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. கடைசியில் மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

அலுவலகத்தில் பதினைந்து பேர். ரேஞ்சர் நறுமுகை, மேலதிகாரி ஒருவர், பஞ்சாயத்து ஆட்கள், புதுச்சேரியிலிருந்து பறவை ஆர்வலர்கள். காசியம்மாவும் இன்னொரு பெண்ணும் கதவோரம் நின்றிருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது, ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். நான் சொன்னேன். உட்கார்ந்தார்கள்.

மேலதிகாரி என்னைப் பாராட்டிப் பேசினார். ஐந்து வருட அர்ப்பணிப்பு என்றார். அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து, கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்க்காமல் சொன்னேன். என் வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. கடந்த இரண்டு பருவங்களின் எண்ணிக்கை தவறு. நடுத்திட்டு காலி என்பது தவறு. இறால் பிடிப்பதால் பறவை குறைந்தது என்பது என் ஊகம், அதற்கும் ஆதாரம் இல்லை. பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். அந்த இரண்டு வருடக் கணக்கை நீக்க வேண்டும்.

பிறகு மேலதிகாரி அன்பாகப் பேசத் தொடங்கினார், அதுதான் மோசம்.

"மேடம், வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். நீங்க ரொம்பக் கடுமையா எடுத்துக்கறீங்க. ஒரு அம்பது, நூறு விட்டுப்போயிருக்கலாம். தடை இருந்துட்டுப் போகட்டும், பறவைக்கு நல்லதுதானே? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"விட்டுப்போனது ஆயிரத்து ஐந்நூறு."

"அது அந்த அம்மா எண்ணினது. அவங்களுக்கு இதுல ஒரு இது இருக்கு இல்லியா."

"காவலரும் எண்ணியிருக்கார்."

"உங்க அனுபவத்துக்கு முன்னாடி அவரு..." என்று இழுத்தார்.

அப்போதுதான் புரிந்தது, என் பெயரை வைத்துத்தான் கயிறு நிற்கிறது, என் பெயரை உடைக்காமல் அது அவிழாது. மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். ஓரடித் தூரம். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டேன்.

"ஐயா, இந்தக் கண்ணாலதான் எண்ணினேன். இப்போ உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். உங்களுக்கு மீசை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல. கண்ணாடி போட்டிருக்கீங்களான்னும் தெரியல. உங்க காது தெரியுது. பின்னால காலண்டர் தெரியுது. நீங்க இல்ல."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"இத்தனை பெரிய மனுஷர் தெரியல. கொசு உள்ளான் என் உள்ளங்கைக்குள்ள அடங்கும்."

யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். அப்படியே நின்றேன். கால் வலித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் ரேஞ்சர் நறுமுகை எழுந்து, "சார், ரெண்டு வருஷ டேட்டாவை எடுத்துடறோம். அது இல்லாம தடைக்கு அடிப்படை இல்ல" என்றார்.

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். 'உடல்நலக் காரணங்களால்' என்று எழுதியிருந்தார்கள். 'பார்வைக் குறைபாட்டால் ஏற்பட்ட தவறு' என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். எண்ணிக்கையாளர் பட்டியலில் என் பெயர் எடுக்கப்பட்டது. ஞாயிறு எண்ணிக்கை இனி ஏழுமலையுடையது. ஸ்கோப்பை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

வெளியே காசியம்மா என்னைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில், "அந்தாளுக்கு மீச இல்ல" என்றாள்.

பேருந்தில் தூங்கிவிட்டேன். எழுப்பித்தான் இறக்கினார்கள்.

ஜனவரி 10, சனி

ஜோசியை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்பட்டாள், பிறகு வேறு மாதிரி ஆனாள். முதல் ஊசி செவ்வாய்க்கிழமை. அவள் லீவு போடுகிறாள்.

ஜனவரி 18, ஞாயிறு

ஜோசி எழுதுகிறாள், நான் சொல்கிறேன். ஊசி போட்ட கண்ணை ஒரு வாரம் சிரமப்படுத்தக் கூடாது. அவள் கையெழுத்து எனக்குத் தெரியும், பள்ளியில் இருந்தே மோசம். இதையும் எழுது என்றேன், எழுதியிருக்கிறாள் என்று நம்புகிறேன்.

ஏழுமலை காலை ஒன்பது மணிக்குப் போன் செய்தார். திங்கட்கிழமையே கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். இன்று விடியற்காலையில் பெண்கள் தண்ணீரில் இறங்கினார்கள். கொசு உள்ளான் 2,010. அவர் சொன்ன எண்ணை நான் எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டேன். கேட்க வாயெடுத்தேன் என்று ஜோசி சொல்கிறாள். அதை எழுத வேண்டியதில்லை.

எத்தனை வீடு திரும்பி வந்தது என்று கேட்டேன். போனது ஒன்பது. வந்தது ஆறு. சேதி சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று குடும்பங்களை மேஸ்திரி விடவில்லை, தோப்பு வெட்டி முடியும்வரை, சித்திரை ஆகலாம்.

அந்த மூன்று குடும்பங்களின் பெயரைக் கேட்டேன். ஏழுமலைக்குத் தெரியவில்லை, போனைக் காசியம்மாவிடம் கொடுத்தார். அவள் சொன்னாள். வேறு எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாளைக்கு ரேஞ்சரைக் கூப்பிட வேண்டும், அவருக்கு மேலே யார் என்று கேட்டு அவரையும் கூப்பிட வேண்டும். எண் போட்டுக் கொடுக்க ஜோசி வேண்டும்.

பெயர்களை எழுது என்றேன். "எழுதி என்னம்மா ஆகப்போகுது?" என்றாள் ஜோசி. நான் எழுதிய ஒரு வரியால்தான் போனார்கள், எழுது என்றேன்.

மாரியப்பன், அவன் மனைவி செங்கேணி, மூன்று பிள்ளைகள்.

விருத்தாம்பாள், மகள் ராசாத்தி.

குப்பன், அவன் மனைவி பூங்காவனம், கைக்குழந்தை. கைக்குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

மொத்தம் பத்துப் பேர். ஜோசியை இரண்டு முறை எண்ணச் சொன்னேன்.